ஒன்றரை, ஒன்பது, பதினாலு: எதில் வட்டி குறைவு?

கேள்வி: ஐயா, நாங்கள் பல்லடம் பக்கம். கணவர் விசைத்தறி ஓட்டுகிறார், நான் பனியன் கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறேன். புது ஸ்கூட்டர் வாங்க ஒரு லட்சம் ரூபாய் கடன் தேவைப்படுகிறது. மூன்று வருடத்தில் அடைத்துவிடலாம். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் தம்பி ‘9 பர்சன்ட் ஃப்ளாட், டாக்குமென்ட் சார்ஜ் 2,000 ரூபாய்’ என்கிறார். வங்கியில் கேட்டால் ‘14 பர்சன்ட், ரெட்யூசிங்’ என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தெரிந்தவர் ஒருவர் ‘ஒன்றரை வட்டிக்கு நானே தருகிறேன்’ என்கிறார். ஒன்றரைதானே இருப்பதிலேயே குறைவு என்பது வீட்டுக்காரர் கட்சி. எனக்கு ஒன்பது பரவாயில்லை என்று படுகிறது. தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன், ஆனால் பர்சன்ட், பர்சன்டேஜ், பாயிண்ட், பெர் ஆனம் என்று வந்தால் தலை சுற்றுகிறது. நகைக்கடைக்காரர் ‘சேதாரத்தில் 25 பர்சன்ட் ஆஃப்’ என்று நோட்டீஸ் கொடுக்கிறார். ப்ளஸ் டூ படிக்கும் மகன் வேறு நீட், பர்சன்டைல் என்கிறான். எல்லாம் ஒன்றுதானா? கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அன்புள்ள சகோதரி,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் குறைந்த வட்டி வங்கியின் பதினாலுதான். அடுத்தது ஷோரூமின் ஒன்பது. இருப்பதிலேயே அதிகம், உங்கள் வீட்டுக்காரருக்குப் பிடித்த அந்த ஒன்றரை. எண்கள் எந்த வரிசையில் ஏறுகின்றனவோ, செலவு அதற்கு நேர் எதிர் வரிசையில் ஏறுகிறது. வங்கியில் கடன் பிரிவில் நெடுநாள் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழம்பாதவர்கள் குறைவு. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது.

சதவீதம் என்றால் நூற்றுக்கு எவ்வளவு என்பது. அது உங்களுக்குத் தெரியும். அந்த நூறு எது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. எந்தப் பர்சன்ட் காதில் விழுந்தாலும் ‘எதில்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். வட்டியாக இருந்தால் ‘எவ்வளவு காலத்துக்கு?’ என்று இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் எல்லாச் சிக்கலும் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஒன்றரையை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் ‘ஒன்றரை வட்டி’, ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் அவ்வளவு என்று பொருள். ‘ரெண்டு பைசா வட்டி’ என்றாலும் அதேதான், ஒரு ரூபாய்க்கு மாதம் இரண்டு பைசா. வங்கியோ, ஃபைனான்ஸ் கம்பெனியோ சொல்வது வருடக் கணக்கு. ஆங்கிலத் தாளில் ‘பெர் ஆனம்’ என்று இருப்பதன் பொருள் ‘வருடத்துக்கு’. பி.ஏ. என்று இரண்டே எழுத்தாகவும் போட்டிருப்பார்கள். ஒன்றரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 18. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. தெருவில் தருபவர் பெரும்பாலும் அசலை மொத்தமாகத்தான் திருப்பிக் கேட்பார். மாதம் 1,500 ரூபாய் வட்டி கட்டிக்கொண்டே வருவீர்கள். மூன்று வருடத்தில் 54,000 ரூபாய் கட்டி முடித்திருப்பீர்கள், ஒரு லட்சம் அசல் அப்படியே நிற்கும். மாதாமாதம் அசலிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் வட்டி போடுவதாக அவர் சொன்னால் சுமை குறையும். அப்போதும் 18 சதவீதம் 18 சதவீதம்தான். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 98,500 கையில் தந்தால் அதற்கும் மேலே போகும்.

அப்படியே தண்டலையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கம்பெனியில் யாராவது வாங்கிக்கொண்டிருப்பார்கள். பத்தாயிரம் கடன் என்பார்கள், ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுப்பார்கள், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். ‘வெறும் பத்து பர்சன்ட்தானே’ என்று தோன்றும். கையில் வாங்கியது ஒன்பதாயிரம், அதையும் இரண்டாம் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள், எல்லாம் மூன்று மாதத்துச் சொச்சத்தில் முடிகிறது. இதை வருடக் கணக்குக்கு மாற்றினால் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003லேயே வந்துவிட்டது. இருந்தும் தண்டல் நடப்பதற்கு ஒரு காரணம், அதை யாரும் வருடத்துக்கு இவ்வளவு என்று சொல்லிக் கேட்பதில்லை.

தெருக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாதம் 3.5 சதவீதம் என்று போடும் கார்டுகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பேச்சில் அது மூன்றரை வட்டி. வருடத்துக்கு 42, அந்த வட்டி மேல் ஜிஎஸ்டி தனி. ஏசி ஷோரூமில் பளபளப்பாகக் கொடுப்பதால் அதை யாரும் வட்டிக்கு வாங்கியதாக நினைப்பதில்லை.

சரி, ஷோரூம் தம்பியின் ஒன்பதுக்கு வருவோம். இதுதான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாட் என்றால், நீங்கள் முதல் நாள் வாங்கிய தொகைக்குக் கடைசி மாதம் வரை வட்டி போடுவது. ஒரு லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருடம் 9,000. மூன்று வருடத்துக்கு 27,000. அசலோடு சேர்த்து 1,27,000. முப்பத்தாறால் வகுத்தால் மாதம் 3,528 ரூபாய் டியூ. அதில் அசல் 2,778, வட்டி 750. எல்லா மாதமும் இதே பிரிவு.

முதல் மாதம் இது நியாயமாகவே இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு 750 ரூபாய் என்றால் மாதம் முக்கால் சதவீதம், வருடத்துக்கு ஒன்பது. பதினெட்டு மாதம் போகட்டும். இப்போது உங்கள் பாக்கி அசல் 50,000தான். வட்டி மட்டும் அதே 750. ஐம்பதாயிரத்துக்கு 750 என்றால் மாதம் ஒன்றரை சதவீதம். தெருக்காரரின் வட்டி இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது, கவனித்தீர்களா? கடைசி மாதத்துக்குப் போவோம். பாக்கி அசல் 2,778 ரூபாய். அதற்கும் வட்டி 750. ஒரே மாதத்துக்கு 27 சதவீதம்!

வங்கி சொல்லும் ரெட்யூசிங் என்பது, அந்தந்த மாதம் மிச்சம் இருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடுவது. பதினாலு சதவீதத்தில் முதல் மாத வட்டி 1,167 ரூபாய். ஷோரூமின் 750ஐவிட அதிகம்தான், பார்த்ததும் பயமாக இருக்கும். ஆனால் அசல் குறையக் குறைய வட்டியும் இறங்கிக்கொண்டே வரும். கடைசி மாதம் நீங்கள் கட்டும் வட்டி சுமார் 39 ரூபாய். மாதத் தவணை 3,418 ரூபாய். மூன்று வருடத்துக்கு மொத்த வட்டி 23,000 ரூபாய்ச் சொச்சம். ஷோரூமில் 27,000. மாதம் 110 ரூபாய் வித்தியாசம், முப்பத்தாறு மாதத்துக்குக் கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய்.

ஆக, ஷோரூமின் ஒன்பதை வங்கிக் கணக்குக்கு மாற்றினால் எவ்வளவு? 16.2 சதவீதம். அதோடு 2,000 ரூபாய் டாக்குமென்ட் சார்ஜை முதலிலேயே எடுத்துக்கொண்டால் உங்கள் கைக்கு வந்த கடன் 98,000தான், டியூ மட்டும் முழு லட்சத்துக்கு. அதையும் சேர்த்தால் 17.7 ஆகிவிடுகிறது. தெருக்காரரின் பதினெட்டுக்கும் இதற்கும் ஒரு மூச்சு தூரம். மூன்று வருடக் கடனுக்கு ஃப்ளாட் வட்டியை 1.8ஆல் பெருக்கிப் பாருங்கள், ரெட்யூசிங் வட்டி ஏறக்குறைய வந்துவிடும். கூட்டல் கழித்தல் இல்லாமல் ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போடலாம்.

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. ஒன்பதும் உண்மையான எண்தான். எதில் ஒன்பது என்று மட்டும் சொல்லவில்லை.

இதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்த வருடம் அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் கடன்களுக்கு வங்கியும் சரி, ஃபைனான்ஸ் கம்பெனியும் சரி, ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற தாளைத் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன்பே தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும், அதனால் ‘தமிழில் கொடுங்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள். அது அவர்கள் செய்யும் சலுகை இல்லை, உங்கள் உரிமை. அதில் ‘ஆனுவல் பர்சன்டேஜ் ரேட்’, சுருக்கமாக ஏபிஆர் என்று ஓர் எண் இருக்கும். வட்டி, டாக்குமென்ட் சார்ஜ், பிராசசிங் கட்டணம், கடனோடு சேர்த்துத் தலையில் கட்டும் இன்சூரன்ஸ் வரைக்கும் சேர்த்து, வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று சொல்லும் எண் அது. ஷோரூம் தாளில் ஏபிஆர் என்ன, வங்கித் தாளில் ஏபிஆர் என்ன என்று இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். வங்கியும் பிராசசிங் கட்டணம் வாங்கும், அதனால் அங்கேயும் ஏபிஆர் பதினாலைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தத் தாளில் காட்டாத கட்டணத்தைப் பிறகு உங்கள் சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. ‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி’ என்று அவசரப்படுத்தினாலும் பயப்பட வேண்டாம். அந்தத் தாளில் சொன்னதைக் குறைந்தது மூன்று வேலை நாளாவது மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் இரண்டு இடத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். போனஸ் வரும் தீபாவளிக்கு அது உதவும்.

கடன் தரும்போது சதவீதத்தைச் சிறிதாகக் காட்டுகிறவர்கள், உங்கள் பணத்தை வாங்கிப் போடும்போது பெரிதாகக் காட்டுவார்கள். டெபாசிட் விளம்பரத்தில் ‘வட்டி 7 பர்சன்ட்’ என்று பொடி எழுத்தில் போட்டு, ‘ஈல்டு 8.3 பர்சன்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏழு சதவீத வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலில் சேர்த்தால் ஐந்து வருடத்தில் ஒரு லட்சம் சுமார் 1,41,500 ஆகும். அந்த 41,500ஐ ஐந்தால் வகுத்தால் 8.3. வட்டிக்கு வந்த வட்டியைச் சாதாரண வட்டி மாதிரி பிரித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவே. அடுத்த கடையின் ஏழோடு இந்த 8.3ஐ ஒப்பிட்டு ஓடினால் ஏமாந்தது நீங்கள்தான்.

ஆங்கிலச் சொற்களுக்கு வருகிறேன். பர்சன்ட், பர்சன்டேஜ் இரண்டும் ஒரே சரக்கு. எண் முன்னால் வந்தால் பர்சன்ட், எண் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் பர்சன்டேஜ். ‘டென் பர்சன்ட் கமிஷன்’ என்பார்கள், ‘கமிஷன் எத்தனை பர்சன்டேஜ்’ என்று கேட்பார்கள். இதில் தப்பு விட்டால் இங்கிலீஷ் டீச்சர்தான் கோபித்துக்கொள்வார், உங்கள் பணம் போகாது. பணம் போவது சின்னச் சின்னச் சொற்களில்தான்.

‘அப் டூ 50 பர்சன்ட் ஆஃப்’ என்றால் அதிகபட்சம் 50. கடையில் ஓரமாக ஒரு குவியலுக்கு மட்டும் பாதி விலை இருக்கும், நீங்கள் எடுக்கும் புடவைக்குப் பத்து இருக்கும். ‘ஃப்ளாட் 50 பர்சன்ட் ஆஃப்’ என்றால் விளம்பரம் செய்த சரக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பாதி. ஆக, துணிக்கடையில் ஃப்ளாட் என்ற சொல்லைப் பார்த்தால் உள்ளே போகலாம், கடன் தாளில் பார்த்தால் கால்குலேட்டரை எடுக்க வேண்டும். ஒரே சொல்.

‘பை’, ‘டூ’ இரண்டையும் பாருங்கள். கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ‘பை 150 பர்சன்ட்’ ஏறியது என்றால் 750 ரூபாய் கூடி 1,250 ஆகிவிட்டது. ‘டூ 150 பர்சன்ட்’ ஏறியது என்றால் மொத்தமே 750தான். நாளிதழ் செய்திகளைத் தமிழில் போடும்போது இந்த இரண்டும் அடிக்கடி மாறிப்போகும். ‘இருநூறு சதவீதம் உயர்ந்தது’ என்று படித்தால், இரண்டு மடங்கு ஆனதா, மூன்று மடங்கு ஆனதா என்று பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தேடிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

ஆடி மாதத்தில் ‘50 + 20 பர்சன்ட்’ என்று ஒரு போர்டு வைப்பார்கள். எழுபது என்று மனசு கூட்டிவிடும். ஆயிரம் ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகும். அடுத்த இருபது அந்த ஐந்நூறில்தான், அதாவது 100 ரூபாய். நீங்கள் கொடுப்பது 400. தள்ளுபடி அறுபது. மறுபடி அதே கேள்விதான்: இருபது, எதில்? சோப்புப் பொட்டலத்தில் ‘20 பர்சன்ட் எக்ஸ்ட்ரா’ என்று இருந்தால் அது இருபது சதவீதத் தள்ளுபடி ஆகாது. நூறு கிராம் விலைக்கு 120 கிராம். தள்ளுபடியாகக் கணக்குப் போட்டால் பதினாறே முக்கால் சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு.

ஜிஎஸ்டியிலும் இதே இடறல். பில்லில் வரியோடு சேர்த்து 1,180 ரூபாய், வரி 18 சதவீதம் என்றால், வரி எவ்வளவு? 1,180க்குப் பதினெட்டு போட்டால் 212 வரும், அது தப்பு. வரி போட்டது பொருளின் விலையான ஆயிரத்துக்கு. 1,180ஐ 1.18ஆல் வகுத்தால் ஆயிரம் கிடைக்கும், மிச்சம் 180 வரி. ஏற்றின சதவீதத்தை அதே சதவீதத்தில் இறக்கினால் பழைய இடத்துக்கு வர முடியாது. சம்பளத்தில் இருபது சதவீதம் பிடித்துவிட்டு அடுத்த வருடம் இருபது சதவீதம் ஏற்றிக் கொடுக்கும் முதலாளி நல்லவர் மாதிரித் தெரிவார். பத்தாயிரம் எட்டாயிரமாகி, பிறகு 9,600தான் ஆகியிருக்கும்.

மனக்கணக்குக்கு ஒரு சின்ன உபாயம், உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள். ஐம்பதில் பதினெட்டு சதவீதம் எவ்வளவு என்று திணற வேண்டாம். பதினெட்டில் ஐம்பது சதவீதம், அதாவது பாதி, ஒன்பது. இரண்டுக்கும் விடை ஒன்றே. எப்போதும் திருப்பிப் போடலாம்.

இனி நகை. இதில் எதற்கு மேல் எது என்பது சுவாரசியமான விஷயம். கணக்குக்கு வசதியாகக் கிராம் பத்தாயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு பவுன் எட்டு கிராம், 80,000 ரூபாய். சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600 ரூபாய். இரண்டும் சேர்ந்து 89,600. அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,688. மொத்தம் 92,288. சேதாரத்துக்கும் வரி கட்டுகிறோம் என்பதைக் கவனியுங்கள்.

‘சேதாரத்தில் 25 பர்சன்ட் ஆஃப்’ என்ற நோட்டீஸை இதில் வைத்துப் பார்ப்போம். 9,600 ரூபாயில் கால் பங்கு 2,400. சேதாரம் 12லிருந்து 9 ஆகிறது. வரிக்கு முன்னால் 89,600 கொடுக்க வேண்டிய இடத்தில் 87,200 கொடுக்கிறீர்கள். மொத்த விலையில் இது 2.7 சதவீதம். பெரிய எழுத்தில் 25 என்று போட்டது இந்த 2.7தான். இரண்டாயிரத்து நானூறு ரூபாய் லாபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாமல் சேதாரம் 8 சதவீதம் என்றால் அது இதைவிட மலிவு, அதற்காகத்தான் சொல்கிறேன். கடைக்காரரிடம் தள்ளுபடி எத்தனை என்று கேட்காதீர்கள், தள்ளுபடி போக சேதாரம் எத்தனை என்று கேளுங்கள்.

என் மனசில் உறுத்துகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேதாரத்தைச் சதவீதத்தில் போடுவதால் தங்கம் ஏறும்போதெல்லாம் அதுவும் ரூபாயில் ஏறுகிறது. கிராம் ஐயாயிரமாக இருந்தால் ஒரு பவுனுக்குப் பன்னிரண்டு சதவீதச் சேதாரம் 4,800 ரூபாய். கிராம் பத்தாயிரமானால் 9,600. அதே சங்கிலி, அதே மெஷின், அதே ஆசாரி. வீணாகும் தங்கத்துக்கு விலை ஏறுவது சரி. செய்கூலியையும் அதற்குள்ளேயே போட்டு ‘செய்கூலி இல்லை’ என்று விளம்பரம் செய்யும் இடத்தில், கூலியும் தங்கத்தோடு சேர்ந்து ஏறிவிடுகிறது. ஏறிய பங்கு ஆசாரிக்குப் போகிறதா என்பது வேறு கதை.

தங்கத்தை வைத்தே பாயிண்ட் விஷயத்தையும் முடித்துவிடலாம். 2024 ஜூலையில் வந்த மத்திய பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். எவ்வளவு குறைந்தது? பதினைந்தில் ஆறு போனால் ஒன்பது. இந்த ஒன்பதை ஆங்கிலத்தில் ‘நைன் பர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்’ என்பார்கள். இரண்டு சதவீதங்களுக்கு நடுவே உள்ள நேரடி வித்தியாசம் பாயிண்ட். வரி எத்தனை சதவீதம் குறைந்தது என்று கேட்டால் விடை 60, ஏனென்றால் பதினைந்தில் ஒன்பது என்பது அறுபது சதவீதம். அப்படியானால் தங்கம் விலை அறுபது சதவீதம் இறங்கியிருக்க வேண்டாமா? நூறு ரூபாய்த் தங்கம் வரியோடு 115 ஆக இருந்தது, குறைத்த பிறகு 106. கணக்குப்படி விலையில் இறங்க வேண்டியது எட்டு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒன்பது, அறுபது, எட்டு மூன்றும் ஒரே அறிவிப்பைப் பற்றிய சரியான எண்கள். அரசைப் புகழ வேண்டியவர் அறுபதைச் சொல்வார், குறை சொல்ல வேண்டியவர் எட்டைச் சொல்வார்.

வட்டிச் செய்திகளிலும் இப்படித்தான். ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது. இரண்டரை பாயிண்ட். சதவீதமாகச் சொன்னால் 62.5 உயர்வு. ‘25 பேசிஸ் பாயிண்ட்’ என்று டிவியில் சொன்னால் கால் பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், நூறு பேசிஸ் பாயிண்ட் சேர்ந்தால் ஒரு பாயிண்ட். வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். உங்கள் ஸ்கூட்டர் கடனுக்குப் பெரும்பாலும் வட்டி கடைசி வரை ஒரே மாதிரிதான் இருக்கும், வங்கியில் ‘ஃபிக்ஸட்தானே’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

கடைசியாக உங்கள் மகனின் பர்சன்டைல். இதுமட்டும் வேறு சாதி. பர்சன்ட் என்பது அவன் எடுத்த மதிப்பெண்: 720க்கு 360 என்றால் 50 பர்சன்ட். பர்சன்டைல் என்பது எழுதியவர்களில் அவன் எங்கே நிற்கிறான் என்பது. 50 பர்சன்டைல் என்றால் எழுதியவர்களில் சுமார் பாதிப் பேர் அவனுக்குக் கீழே. தாள் கடினமாக இருந்த வருடத்தில் குறைந்த மதிப்பெண்ணுக்கே நல்ல பர்சன்டைல் வரும், எளிதாக இருந்தால் நிறைய எடுத்தும் கீழே போய்விடும். நீட் தேர்வில் பொதுப் பிரிவுக்குத் தகுதி 50 பர்சன்டைல், இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினம், பழங்குடியினருக்கு 40. அதை ‘நாற்பது மார்க் எடுத்தால் பாஸ்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023ல் முதுநிலை நீட் தேர்வுக்குத் தகுதியை எல்லாப் பிரிவுக்கும் பூஜ்யம் பர்சன்டைல் ஆக்கினார்கள். ‘பூஜ்யம் மார்க் எடுத்தாலும் ஸ்பெஷலிஸ்ட் டாக்டரா’ என்று பலரும் கொதித்தார்கள். அது சரியா தவறா என்று விவாதிக்க நிறைய இருக்கிறது, ஆனால் அறிவிப்பின் பொருள், தேர்வு எழுதிய எல்லோரும் கவுன்சலிங்கில் கலந்துகொள்ளலாம் என்பதுதான். எடுத்த மார்க்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 99 பர்சன்டைல் என்றால் கேட்கப் பிரமாதமாக இருக்கும். இளநிலை நீட்டை 20 லட்சத்துக்கு மேல் பேர் எழுதுகிறார்கள். அதில் ஒரு சதவீதம் என்றாலே இருபதாயிரம் பேருக்கு மேல் அவனுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று பொருள். தகுதி பெற்றதற்கு அடையாளம் பர்சன்டைல், சீட் ஒதுக்குவது ரேங்க்கை வைத்து. ரிசல்ட் தாளில் அவன் முதலில் தேட வேண்டியது ரேங்க்கை. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மாநிலத் தரவரிசைப் பட்டியல் தனியாக வரும், அதற்கு விண்ணப்பமும் தனியாகப் போட வேண்டும். அந்தத் தேதியை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.